அறுபத்தொன்றில் எங்கே இருந்தீர்கள்?

1999 மே 18, செவ்வாய்

பால்காரன் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறான். விரலை விட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. கேட்டால், "இந்த வெயிலுக்கு எருமையே இப்படித்தான் கறக்குது பாபி" என்கிறான். இவர் அதற்குச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஏமாறுகிறவர்கள் சிரித்தால்தானே ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி.

மதியம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். மராட்டிக்காரி. நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடி, தோளில் பை. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் ரமாவாம். டவுனில் ஒரு கல்லூரியில் பூகோளம் நடத்துகிறாளாம். புனே மாவட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாள் - மலை, மழை, மண், மக்கள், பிழைப்பு எல்லாம். எங்கள் கட்கியில் தமிழ்க்காரர்கள் இருக்கும் சந்துகளில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். மராட்டியும் தமிழும் தெரிந்த ஒருத்தி வேண்டும். பஜாரில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டதும், "போய்ட்டு வாயேன் தமிழு, நாலு இடம் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். பன்னிரண்டு வருடமாக வாலாஜாவை விட்டு இங்கே இருக்கிறேன், இவர் ஃபேக்டரி, நான் மெஷின். நாலு இடம் பார்க்க ஆசைதான். ஆனால் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது - இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? எதற்கு?

மே 22, சனி

முதல் நாள். வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிட்டோம்.

அவள் எல்லாவற்றையும் கேட்கிறாள். குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது, எந்த மாதம் கிணறு வற்றும், ஏப்ரலில் எந்தப் பக்கம் இருந்து காற்று. வழியில் ஒரு கருங்கல்லைக் காலால் தட்டி, "இந்தப் பூமி முழுக்க இதுதான், எரிமலை கக்கியது" என்றாள். கட்கியில் எரிமலையா! தலையாட்டி வைத்தேன்.

வீடுகளில் நான் தமிழில் கேட்டு மராட்டியில் சொன்னேன். எந்த ஊர், முதலில் வந்தது யார், என்ன வேலை. வடாற்காடு, சேலம், திருநெல்வேலி. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள், தோட்டா ஃபேக்டரியில் சேர்ந்தவர்கள், ரயில்வேயில் சேர்ந்தவர்கள். "பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வருமா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே சிரிப்பு.

ஒன்று கவனித்தேன். ஆண்கள் பேசினால் சீக்கிரம் முடித்துக்கொள்கிறாள். அறுபது வயதுப் பெண் யாராவது இருந்தால் அங்கே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அவர்கள் முகத்தையே பார்க்கிறாள். பூகோளத்துக்குக் கிழவிகள் எதற்கு?

மே 27, வியாழன்

கார்கிலில் விமானம் குண்டு போடுகிறதாம், ரேடியோவில் சொன்னான். ஃபேக்டரியில் எல்லோருக்கும் ஓவர்டைம். இவர் விடிந்து போனால் இருட்டித்தான் வருகிறார். கையெல்லாம் வெடிமருந்து வாசனை.

பக்கத்து வீட்டு ஆண்டனி அண்ணன் ஃபேக்டரி கேட்டில் காவல் டூட்டி. குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா மேப் வச்சினு சுத்துதாமே? யாரு, இன்னான்னு விசாரிச்சியா? இது பட்டாளத்து ஏரியா தமிழு. சண்டை நேரம்."

மேப் இருக்கிறது. நானே பார்த்தேன். ஆற்றை நீலப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். ஃபேக்டரி இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அதை வரையக் கூடாது, சட்டம்" என்றாள் உடனே. யோசிக்கக்கூட இல்லை. சட்டம் இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் யார்?

ஜூன் 1, செவ்வாய்

குக்கருக்குப் புதுசு என்று கடைக்காரன் கொடுத்த கேஸ்கெட் பழசு. யாரைத்தான் நம்புவது.

ஜூன் 6, ஞாயிறு

இன்று லோக்கல் ரயிலில் தளேகாவ் போனோம். அங்கே தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் ஆட்கள் சிலரைப் பார்க்க.

ஜன்னலோரம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மேற்கே தெரியும் மலைச்சுவர்தான் இந்த மாவட்டத்தின் எஜமானாம். கடலில் இருந்து வரும் மேகம் அதில் முட்டி லோணாவளாவில் ஆளை அடித்துச் செல்கிற மாதிரி கொட்டும். அதே மேகம் கட்கிக்கு வரும்போது சாதாரண மழை. கிழக்கே ஹடப்சர் தாண்டினால் வெறும் தூறல். அதனால்தான் அந்தப் பக்கம் நெல், இந்தப் பக்கம் சோளம். இப்போது ஹடப்சரில் சோளக்காட்டையும் பிளாட் போட்டு விற்கிறார்களாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மழையில் துணி காயப் போட்டிருக்கிறேன், இது தெரியாது.

கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது அவளை. உண்மையாகத்தான்.

ஆனால் தளேகாவில் ஒரு வீட்டில், எல்லாக் கேள்வியும் முடிந்து எழுந்த பிறகு, வாசலில் நின்று அந்த வீட்டு அம்மாளைக் கேட்டாள்: "அறுபத்தொன்றில் எங்கே இருந்தீர்கள்?" அந்த அம்மாள், சொந்த ஊரில்தான் என்றதும் சட்டென்று நோட்டை மூடிவிட்டாள். 

ஜூன் 11, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. மண் வாசனை. ஓடு ஒழுகுகிறது.

இப்போது எல்லா வீட்டிலும் அந்தக் கேள்விதான் கடைசிக் கேள்வி. இவரைக் கேட்டேன், அறுபத்தொன்றில் என்ன என்று. பான்ஷெத் அணை உடைந்து புனே மூழ்கிய வருடமாம். ஆற்றோரம் இருந்த வீடுகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. நிறைய பேர் வேறு வேறு இடங்களுக்குப் போனார்கள், சிலர் கட்கிக்கும் வந்தார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் தகரம் போட்டு இருக்கிறார்களே, அவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். யார் கையிலும் இடத்துக்குக் காகிதம் கிடையாது.

எனக்கு உடனே பொறி தட்டியது. போன வாரம் இவள் போபோடிப் பாலத்தருகே ஒரு ஜீப்பில் இருந்து இறங்குவதைப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள், கையில் சுருட்டிய வரைபடங்கள். "கல்லூரி நண்பர்" என்றாள். நண்பராம். வேவு இல்லை இது. பில்டர்! வெள்ளத்துக்குப் பிறகு வந்து குந்தினவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்து, தகரத்தை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிடம் கட்டப் போகிறார்கள். அதற்கு நான் தமிழில் கேட்டுச் சொல்ல வேண்டுமா?

நாளை முதல் வர மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் போகாவிட்டால் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவாள். கூடவே இருந்து பார்ப்பதுதான் சரி.

ஜூன் 17, வியாழன்

இன்று நான் ஒரு காரியம் செய்தேன்.

கட்கி பஜாரில் கருவாடு விற்கும் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். ரயில் பாதைக்குப் பின்னால்தான். ஒற்றை ஆள். அறுபதைத் தாண்டியவள், பஜாரே அவள் வாய்க்குப் பயப்படும். போம்பில் மீன் கருவாடும், சுக்கட் என்கிற பொடி இறால் கருவாடும் தகரக் கூரைக்குக் கீழே தொங்குகின்றன. ரமா மேடம் சுத்த சைவம். முந்தானையால் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

கடைசிக் கேள்வியைக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். சின்னம்மா கருவாட்டுக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு ஆறு கூடற சங்கம் பக்கத்துல ஆத்தோரம் இருந்தோம். தண்ணி வந்ததும் பொட்டப்புள்ளய தூக்கினு ஓடி வந்து பள்ளிக்கூடத்துல ஏறிட்டேன். நடக்கப் பழகின புள்ள. பக்கத்துல ஒருத்திகிட்ட குடுத்துட்டு எங்க ஆள தேடப் போனேன். அவரும் கெடைக்கல. காய்ச்சல்ல வுழுந்து ஆஸ்பத்திரில கெடந்து, திரும்பி வந்தா புள்ளயும் இல்ல. அப்புறம்தான் கட்கிக்கு வந்தேன்."

இத்தனை வருடமாகத் தெரிந்தவள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று இன்றுதான் கேட்கிறேன்.  ரமா மேடம் பென்சிலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை! வெள்ளத்துக்குப் பிறகு வந்தவள் என்று எழுதிக்கொண்டால் இந்தத் தகரம் போய்விடும். இந்த வயதில் எங்கே போவாள்?

மராட்டியில் சொன்னேன்: "அவங்க அப்போ ஊரில் இருந்தாங்களாம். வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதாம்."

சின்னம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கூடையை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டாள். சந்தையில் விலை பேசும் ஹிந்தி தவிர அவளுக்கு என்ன தெரியும்.

ரமா மேடத்தின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. ஏமாந்துவிட்டாள் பார்! நான் நினைத்தது சரிதான்.

ஜூன் 24, வியாழன்

ரமா மேடத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாலத்தில் நின்று ஆற்றைப் படம் எடுத்தாளாம். அரை நாள் உட்கார வைத்து, மேப்பை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கல்லூரியில் இருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்களாம். கல்லூரி நிஜம்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரோ சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். அவ்வளவுதான். டீ போட்டுக் கொடுத்தேன். 

ஜூன் 25, வெள்ளி

மேப்பையும் ஜீப் ஆளையும் பற்றி நான் சொன்னது ஆண்டனி அண்ணனிடம் மட்டும்தான். போலீஸிடம் இல்லை. அது வேறு.

வேறுதானே?

ஜூலை 12, திங்கள்

 இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் வந்தவள், இன்று வேலை வேண்டாம், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கண் சிவந்திருந்தது. எங்கே போகிறாள், பார்த்துவிடலாம் என்று அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினேன். பில்டர் ஆபீசுக்குப் போவாள் என்று நினைத்தேன். டவுனில் இறங்கினாள். பழைய பேட்டைச் சந்துகளில் நடந்து ஆற்றோரத்தில் ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசல் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துகிறார்கள். நான் எதிர் டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். நனைந்து ஊறிப்போனேன்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். "தமிழரசி, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். குடைக்குள் வாங்க."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அதற்குள் கோபமும். "யாரத்தான் தேடறீங்க? சொல்லித் தொலைங்க!" என்று கத்திவிட்டேன். தமிழில். பிறகு மராட்டியில்.

சொன்னாள். போன வருடம் அவள் அம்மா சாகும்போது சொன்னாராம், நீ எங்கள் வயிற்றில் பிறந்தவள் இல்லை என்று. இதே ஜூலை பன்னிரண்டில் வந்த வெள்ளத்தின்போது அவள் அப்பா இந்தப் பள்ளிக்கூடத்தில் சாதம் பரிமாற வந்தவர். நடக்கப் பழகிய ஒரு குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு ஒரு மதராசிப் பெண் போனாள், வரவில்லை. முகாமைக் காலி செய்யும்போது கேட்பாரில்லாமல் நின்றதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தை ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிற்றாம். தெருவில் வந்த தமிழ்த் தபால்காரரைக் கேட்டுத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டார்களாம்.

"தண்ணி" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை.

புத்தகம் நிஜம்தானாம், பாதி எழுதியாயிற்று. "ஆனால் கட்கியை நான் தேர்ந்தெடுத்தது புத்தகத்துக்காக இல்லை" என்றாள்.

 சின்னம்மாவைப் பற்றிச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாவி நான்!

ஜூலை 13, செவ்வாய்

தூக்கமில்லை. இதுவும் நடிப்பாக இருந்தால்? சின்னம்மாவின் கதையை வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு வந்து ஜோடித்திருந்தால்? இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இதையும் கேட்டேன். ஓவர்டைம் களைப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"கடவுளே வந்து வாசல்ல நின்னாலும் கேட் பாஸ் கேப்படி நீ. அந்தக் கெழவிகிட்ட மொதல்ல போய்ச் சொல்லு."

ஜூலை 15, வியாழன்

போனேன். பஜாரில் கூட்டம் குறைந்த நேரம். மழைக்கு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: ரமா யார், எதைத் தேடுகிறாள், நான் என்ன மாற்றிச் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

சின்னம்மா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மராட்டி தெரியாதுன்னு நெனச்சியா? நாப்பது வருசமா இந்த ஜனத்துக்குத்தான் கருவாடு விக்கறேன். நீ இன்னா சொன்னேன்னு அன்னிக்கே கேட்டுச்சி."

"அப்ப ஏன் சின்னம்மா வாயத் தொறக்கல?"

"நானும் உன்ன மாதிரிதான் நெனச்சேன், எடத்தப் புடுங்க வந்தவளோன்னு." தராசுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு, "அது மட்டும் இல்ல. எங்கிட்ட உக்காந்து அந்தக் கதய அவ்ளோ ஆசையா கேக்கறா. இவ யாருன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அடிச்சிக்கிச்சி. நீ பொய் சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சி."

"அப்பாடாவா!"

"இன்னா பண்ணச் சொல்றே? வந்து மொதல்ல இன்னா கேப்பா? ஏன் வுட்டுட்டுப் போனேன்னு கேப்பா. அத்த நானே எனக்குச் சொல்லிக்க முடியாம கெடக்கறேன்டி."

ஒரு அம்மாள் சுக்கட் வாங்க வந்தாள். சின்னம்மா விலை சொன்ன குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து, "ஞாயித்துக்கெழம கூட்டினு வா" என்றாள்.

ஜூலை 25, ஞாயிறு

போன ஞாயிறே போக வேண்டியது. சின்னம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். வேண்டுமென்றேதான். இன்று இருந்தாள்.

வழியில் ரமா மேடத்திடம் என் இரண்டு தப்புகளையும் சொல்லிவிட்டேன் - சின்னம்மா சொன்னதை மறைத்தது, ஆண்டனி அண்ணனிடம் பேசியது. ரயில் கேட்டில் நின்றுவிட்டாள். கூட்ஸ் வண்டி முழுவதும் போகும்வரை அதையே பார்த்தாள். பிறகு, "நானும் உங்களிடம் உண்மையைச் சொல்லித்தானா கூட்டிக்கொண்டு திரிந்தேன்?" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து தெரியவில்லை.

சின்னம்மா கருவாட்டை எல்லாம் வெளியே தள்ளி, வீட்டைக் கழுவி வைத்திருந்தாள். மராட்டி தெரிந்தும் தமிழில்தான் பேசினாள். "நீ சொல்லு. இந்தத் தடவ ஒரு சொல்லு கொறையாம சொல்லு" என்று என்னிடம் கறாராகச் சொன்னாள்.

சொன்னேன். சின்னம்மா புருஷனைத் தேடிப் போனது, காய்ச்சல், திரும்பி வந்தபோது முகாம் காலி, பள்ளிக்கூடத்தில் மறுபடி பாடம் நடந்துகொண்டிருந்தது. பிறகு பல நாள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் படியிலா?" என்று ரமா கேட்டாள்.

"படியிலதான். வாத்தியாரு தொரத்துற வரைக்கும்."

ரமா அழவில்லை. அந்தத் தமிழ் வார்த்தையைப் பற்றிச் சொன்னாள். தானே சொல்லிக் காட்டினாள், மராட்டி நாக்கில்.

சின்னம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாப் புள்ளயும்தான் தண்ணி கேக்கும்" என்றாள். "அந்தப் பள்ளிக்கூடத்துல அன்னிக்கு எத்தினி புள்ளைங்க. என் புள்ள ஒடம்புல மச்சம் கிச்சம் ஒண்ணும் கெடையாது. இவளுக்கு நர விழுந்துடுச்சி. எத்த வச்சி நான் சொல்றது? நீதான்னும் சொல்ல முடியாது. நீ இல்லன்னும் சொல்ல முடியாது."

ஒரு சொல் குறையாமல் சொன்னேன். அதைச் சொல்வதைவிடப் பொய் சொல்வது எவ்வளவோ சுலபம்.

"எனக்கும் தெரியவில்லை" என்றாள் ரமா.

சின்னம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பானையில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். ரமா முழுவதையும் குடித்தாள். கருவாட்டு வாசனை அந்த டம்ளரிலும் அடித்திருக்கும்.

அக்டோபர் 10, ஞாயிறு

மழை விட்டுவிட்டது, மத்தியான வெயில் மறுபடி மே மாதம் மாதிரி காய்கிறது. ஆண்டனி அண்ணன் இப்போதும் என்னிடம், "அந்தம்மா இன்னும் வருதே, எதுக்காம்?" என்கிறார். ஞாயிறு தவறாமல் வருகிறாள். என் வீட்டுக்கு இல்லை. நேரே ரயில் பாதைக்குப் பின்னால். என்னைக் கூப்பிடுவதே இல்லை. இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான்.

2000 ஜனவரி 9, ஞாயிறு

நல்ல குளிர். பஜாரில் பத்து மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நடக்கிறார்கள்.

வெங்காயம் வாங்கப் போனவள் சின்னம்மா கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கோணிமேல் ரமா மேடம் உட்கார்ந்திருந்தாள், மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு. சின்னம்மா எடை போட்டுத் தருவதை இவள் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறாள். மடிக்கத் தெரியவில்லை, பொட்டலம் அவிழ்கிறது. சின்னம்மா அவளை மராட்டியில் திட்டுகிறாள், இவள் தப்புத் தப்பாகத் தமிழில் பதில் சொல்கிறாள்.

வழக்கமாக வாங்கும் மராட்டி அம்மாள் ஒருத்தி, ரமாவின் கண்ணாடியையும் கழுத்துச் சங்கிலியையும் பார்த்துவிட்டு, "யாரு இவங்க?" என்றாள்.

"என் பொண்ணு. காலேஜுல பாடம் நடத்துறா" என்றாள் சின்னம்மா, தராசில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? கருவாட்டுக்காரிக்கு இப்படி ஒரு பெண்ணா என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. பஜாரில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. எதையும் விசாரிக்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பதும் தெரியும். என் பக்கம் திரும்பி, "நெசமாவா?" என்று கேட்டாள்.

ரமாவும் சின்னம்மாவும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம்" என்றேன். "எனக்குத் தெரியும்."